சித்தி கை வைத்த மப்ளர்

சித்தி வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நாற்காலி மெத்தைக்கு அடியில் குரோஷா ஊசி கிடக்கும். சோபா இடுக்கில் பின்னல் ஊசிகள் ஜோடியாகச் செருகியிருக்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்த சித்தப்பாவின் மேலதிகாரி, உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். "உக்காருங்க சார், உக்காருங்க" என்று சித்தப்பா உபசரிக்க, "பரவாயில்லப்பா, நின்னுக்கிட்டே பேசலாம்" என்று அவர் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் வழக்கத்தில் இருக்கும் வசனம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். புதுக் கண்ணாடி வாங்குபவர்களின் முகத்தில் ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்து, மூக்கின் மேல் நேராக உட்காரவைப்பது அவள் பொறுப்பு. கோணலாக எதைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரின் கண்ணாடியை வாங்கி நிமிர்த்தித் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் அவர் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் அவள் கையில் எப்போதும் பல வேலைகள் ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு பொழுது. பால் காயும்வரை பின்னுவதற்குச் சமையலறை ஆணியில் ஒரு பை. அதற்குள் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி வளர்ந்துகொண்டிருக்கும். போனில் பேசும்போது பின்ன, கண் வேண்டாத ஒரு போர்வை. பஸ்ஸுக்குக் காலுறை. டிவிக்கு எம்பிராய்டரி வளையம். ஜன்னல் கம்பியில், பூந்தொட்டி மாட்டுவதற்காகத் தொடங்கிய கயிற்று வேலை பாதி முடிச்சுகளோடு தொங்கும். தொட்டி இன்னும் தரையில்தான் இருக்கிறது.

இவை போக, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி உண்டு. அதைத் திறக்கும் தைரியம் சித்திக்கே கிடையாது. என் தம்பி பிறந்தபோது தொடங்கிய குல்லாய் அதற்குள் இருக்கிறது. அவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது.

"ஆரம்ப சூரத்தனத்துக்கு ஒரு பரிசு குடுத்தாங்கன்னு வை, அதை வாங்கப் போறவ பாதி வழியிலேயே திரும்பிடுவா" என்பார் சித்தப்பா. அவருக்கென்று பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரில் உடம்பும் ஒரு கையும் முடிந்து, இரண்டாவது கை முழங்கையோடு நின்றிருந்தது.

சித்தி இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். ஆனால் வாஷிங் மெஷினில் துணி போடும்போது அந்தப் பெட்டி இருக்கும் பக்கம் பார்க்கமாட்டாள்.

விடுமுறை நாட்களில் நான் அங்கே போவேன். புதிதாக வாங்கிய கம்பளி நூல் சிட்டமாக வரும். அதைப் பிரித்து வளையமாக்கி என் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து சித்தி உருண்டையாகச் சுற்றுவாள். கையில் சிட்டம் மாட்டியவளால் எழுந்து போக முடியாது. குறுக்கே பேசுகிற பழக்கமும் எனக்கு இல்லை. அதனால் அந்த வீட்டுக் கதைகள் எல்லாம் என் காதுக்கு வந்துவிடும். இதுவும் அப்படி வந்ததுதான். பாதியை நேரிலும் பார்த்தேன்.

சித்தப்பாவின் அக்காவை எல்லாரும் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்களுக்கு முடி வெட்டும் சின்ன பார்லர் வைத்திருக்கிறார். ஒரு சுழல் நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, உதவிக்கு ஒரு பெண். கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் வீடு. தனி ஆள். தலையில் கை வைத்துவிட்டால், வெட்டி முடிக்கிறவரை கத்திரியும் நிற்காது, பேச்சும் நிற்காது.

ஷாம்பு தண்ணீர் சிந்தியிருந்த தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மரக்கரண்டியைப்போல நின்றன. தனியாக இருக்கவேண்டாம் என்று சித்தப்பா போய்த் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் தலை வாரினவ நான். இப்ப என் தலையை வார ஆள் தேட வேண்டியிருக்கு பாரு" என்றபடி கத்திரி அக்கா சோபாவில் உட்கார்ந்து, உடனே எழுந்தார். "அம்மாடி! நூல்காரி, இது வீடா, முள்ளம்பன்றிக் கூடா?"

சித்திக்கு அவர் வைத்த பெயர் நூல்காரி. இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல். வாய்ச்சண்டை இல்லாத நாளில்தான் சித்தப்பா பயப்படுவார்.

கையைப் பழக்குவதற்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து போனாள். சின்ன வயது. முதுகுப் பையில் ரப்பர் பந்துகளும் களிமண் உருண்டைகளும் கொண்டுவருவாள். கத்திரி அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்குவாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் கல்யாணத்துக்கு முடி அலங்காரம் நான்தான். அன்னிக்கு வெச்சுக்கறேன் உன்னை" என்பார்.

ஒரு நாள் அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவு நூல் இருக்கிற வீட்ல ரப்பர் பந்துக்கு என்ன வேலை? மேடம், உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"எனக்கு வெட்டத்தான் தெரியும். சேக்கிறதெல்லாம் இவ டிபார்ட்மென்ட்."

"கத்துக்கங்க. நேரா ஒரு மப்ளர். தெனமும் கொஞ்சம் போதும். கத்திரி பிடிக்கிற அதே விரலுங்கதான் வேலை செய்யும். அழகா வரணும்னு இல்ல. தப்பா வந்தா தப்பாவே இருக்கட்டும். எனக்கு அது எக்ஸ்ரே மாதிரி. எந்த விரல் உழைக்குது, எது ஏமாத்துதுன்னு பின்னலைப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

சித்தி அப்போது அலமாரிக்குள் தலையை விட்டுத் தடிமனான ஊசிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். தலை உள்ளே இருந்தாலும் காது வெளியேதான் இருந்தது. இந்த வார்த்தைகளை அவள் கேட்டாள். கேட்கவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டில் இருந்த தடித்த ஊசிகள் ஒரே ஜோடி. அவை சித்தப்பாவின் ஸ்வெட்டர் கையில் மாட்டியிருந்தன. சித்தி ஊசியில் நின்ற பின்னல் கண்ணிகளை ஒரு பழைய நூலில் கோத்து முடிந்துவிட்டு ஊசிகளை உருவிக் கொடுத்தாள்.

"போச்சு, இருக்கிற அரைக் கையும் போச்சு" என்றார் சித்தப்பா.

"உனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானடா இருக்கு, போர்த்திக்கிட்டுத் திரி" என்றார் அவர் அக்கா.

மப்ளருக்குக் கடுகு நிற நூல். முதல் சில நாட்கள் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வரிசை இறுகி நரம்பாக இருக்கும். அடுத்தது தொளதொளவென்று தொங்கும். ஓரம் ஒரு பக்கம் விரிந்துகொண்டே போனது. பெருவிரல் நூலை அழுத்திப் பிடிக்க மறுத்ததால் கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவின. கத்திரி அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, "இது கழுத்துக்கா, மீன் பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் அதைத் திருப்பிப்போட்டு வைப்பார், பிறர் பார்வையில் படாத மாதிரி.

ஒரு காலை, கத்திரி அக்கா குளிக்கப் போயிருந்தார். அடுப்பில் பால். சித்தி எதையோ எடுக்க ஹாலுக்கு வந்தாள். நாற்காலியில் கடுகு நிற மப்ளர் கிடந்தது. நடுவில் ஒரு கண்ணி நழுவி, கீழே கீழே இறங்கி, வரிசைகளுக்கு நடுவே ஓர் ஏணி போல வழி விட்டிருந்தது. பின்னல் தெரிந்தவர்களுக்கு இது கொதிக்கும் பாலைப் போன்றது. பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. விட்டால் அடிவரை இறங்கும்.

சித்தி கொக்கி ஊசியை எடுத்து, அந்தக் கண்ணியை ஏணியின் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி, மறுபடி ஊசியில் உட்காரவைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தி மண்ணைத் தட்டிவிடுவதுபோல. சமையலறையில் நிஜமான பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

மறுநாள் இரண்டு கண்ணிகள். அதற்கடுத்த நாள், ஒரு வரிசை முழுக்கத் தொளதொளவென்று இருந்ததால் அதைப் பிரித்துத் தானே பின்னினாள். பிறகு அதற்கு முந்தைய வரிசை கண்ணை உறுத்தியது. கத்திரி அக்கா குளிக்கும் நேரம் சித்தியின் மப்ளர் நேரம் ஆகிவிட்டது. அதிலும் ஒரு சாமர்த்தியம் செய்தாள். ஒரேயடியாக நேராக்கிவிடவில்லை. வரிசைக்கு ஒன்றிரண்டு கண்ணிகளை வேண்டுமென்றே தளர்த்தி விட்டாள். நாளாக ஆக அந்தத் தளர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பொய்யையும் பதமாகத்தான் சொன்னாள்.

கத்திரி அக்காவுக்குச் சந்தேகம் வரவில்லை. முந்தின நாள் எங்கே நிறுத்தினோம், எப்படி இருந்தது என்று பின்னல் புதிதாகப் பழகுபவர்களுக்கு நினைவிருக்காது. அவர் மப்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டேய், இங்க வா. நேத்து நான் பின்னினது இது. பாரு, பல்லு வரிசை மாதிரி இருக்கு" என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்லரில் உதவிக்கு இருந்த பெண்ணைப் போனில் கூப்பிட்டு, "கை திரும்பிக்கிட்டு வருதுடி. நாற்காலியைத் துடைச்சு வை" என்றார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை வீட்டில் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் சித்தி என் கையில் சிட்டத்தை மாட்டிவிட்டு, நூலைச் சுற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலடி. ஓரத்தை மட்டும் லேசா இழுத்து விட்டேன்" என்றாள்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். நான் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, மிச்சமும் வெளியே வந்தது.

"நிறுத்திடுங்க சித்தி."

"எப்படி நிறுத்தறது? இன்னிக்கு நிறுத்தினா நாளைக்கு அவங்க பின்னினது அப்படியே மீன் வலையா தெரியும். கை மறுபடி மோசமாயிடுச்சுன்னு பயந்துடுவாங்க. அந்த மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது?"

"பிசியோகிட்டயாவது சொல்லலாமே."

"சொல்றேன். இந்த வாரம் போகட்டும்."

நூலின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். போர்வை அப்படியே கிடந்தது. காலுறை பஸ் பையிலேயே கிடந்தது. சமையலறை ஆணியில் தொங்கிய பையில் தூசு படிந்திருந்தது. "என் வேலை ஒண்ணைக்கூட நான் இப்படி விடாம தெனமும் செஞ்சதில்ல" என்றாள். சொன்னபிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல உதட்டை மடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை பிசியோ பெண் வந்தபோது மப்ளரை மடியில் விரித்து, அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். கீழே வலை. மேலே போகப் போகத் துணி.

"மேடம், சூப்பர்! பெருவிரல் அழுத்தம் பாருங்க, ஒரே சீரா வந்திருக்கு. இவ்வளவு சீக்கிரம் நான் எதிர்பாக்கல." கையையும் மடக்கிப் பார்த்தாள். கத்திரி அக்கா வலியை விழுங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நல்லா மடங்குது" என்றார். கடைக்குப் போகும் அவசரம் அவருக்கு. "அந்த அழுத்திப் பிடிச்சு இழுக்கிற பயிற்சி இனி வேண்டாம். வாரா வாரம் நான் வரவும் தேவையில்ல. வீட்ல கொஞ்சம் கொஞ்சமா கத்திரி பிடிச்சுப் பாருங்க. அப்புறம் கடையைத் திறந்துடலாம்."

டீ கொண்டுவந்த சித்தி திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றாள். கத்தவும் முடியாது, தடவிக்கொள்ளவும் முடியாது. வாய் திறந்தது. "சர்க்கரை போதுமா?" என்ற கேள்விதான் வந்தது.

"போதும் அக்கா. நீங்க நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள் பிசியோ பெண்.

அடுத்த விடுமுறை நாள் நான் போனபோது ஹாலின் நடுவில் பழைய செய்தித்தாள்கள் விரித்து, அதன் மேல் நாற்காலி போட்டிருந்தது. டிரஸ்ஸிங் டேபிள் எதிரில் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. கத்திரி அக்கா தன் தோல் உறையைத் திறந்து, கத்திரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது ஒரு தலையைக் குடுங்க."

"என் தலையில உனக்கு வேலை இல்லக்கா. நீ வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்று சித்தப்பா வழுக்கையைத் தடவினார்.

கத்திரி அக்கா என் முடியைப் பார்த்தார். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. "இது சுருட்டை. தப்பு தெரியாது. தப்பு தெரியற தலை வேணும். நூல்காரி, வா."

சித்தியின் முடி தோள் வரை, நேராக, கோடு போட்டதுபோல நிற்கும். அதை வெட்டிவிடுவதும் கத்திரி அக்காதான். சித்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னொரு நாள் வெச்சுக்கலாமே அக்கா. அடுப்புல..."

"அடுப்பு அணைஞ்சிருக்கு. நான் பாத்துட்டுத்தான் வந்தேன். உக்காரு."

உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டப்பட்டது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். கத்திரிக்கோலுக்குப் பயந்த முகம் இல்லை அது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"ஆடாத. வெட்டி முடிச்சதும் சொல்லு."

கத்திரி அக்கா வெட்டும்போது எப்போதும் ஒரு சத்தம் வரும். இடைவிடாமல், மழைத்தூறல் போல. அன்று அந்தச் சத்தம் வரவில்லை. ஒருமுறை நறுக் என்றது. பிறகு நின்றது. கத்திரியை மறுபடி திறக்கப் பெருவிரல் வெளியே நகர வேண்டும். அது நகரவில்லை. இடது கையால் பெருவிரலைத் தள்ளித் திறந்தார். மறுபடி நறுக். அடுத்த முறை முடி கத்திரியின் இரண்டு அலகுகளுக்கு இடையில் மடங்கிச் சிக்கியது. இழுத்தார். சித்தி பல்லைக் கடித்தாளே தவிரச் சத்தம் போடவில்லை. அக்காவின் நெற்றியில் வியர்வை. பேச்சு நின்றுபோயிருந்தது. இடது பக்கம் முடித்து வலது பக்கம் போனபோது கத்திரி விரலிலிருந்து நழுவிச் செய்தித்தாளின் மேல் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். சித்தியின் முடி ஒரு பக்கம் காது மடலுக்கும் மறுபக்கம் தோளுக்குமாக, உடைந்த படிக்கட்டுபோல இறங்கியது.

"வெளிச்சம் சரியில்லக்கா. கத்திரியும் மொண்ணையா இருக்கு" என்றாள் சித்தி.

"நேத்துதான் சாணை பிடிச்சேன்."

இடது கையால் துடைப்பத்தை எடுத்து, கீழே கிடந்த முடியைக் கத்திரி அக்காவே பெருக்கினார். யாரையும் தொடவிடவில்லை. பிறகு சோபாவில், தடவிப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

"கை இன்னும் தேறலன்னா சரி, தேறும்னு காத்திருக்கலாம்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "பின்னல் அவ்வளவு நேரா வருது. பிசியோவும் நல்லாயிடுச்சுன்னு சொல்லிட்டா. அப்ப இது தேறின கை. தேறினதே இவ்வளவுதான்."

போனை எடுத்தார். பார்லர் பெண்ணின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "நாற்காலியைத் துடைச்சு வெக்கச் சொன்னேனே, அது உனக்குத்தான். கடையை நீயே எடுத்து நடத்து. நாளைக்கு வந்து சாவியைக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

சித்தப்பா, "அவசரப்படாதக்கா" என்றார். கத்திரி அக்கா கத்திரிகளை உறைக்குள் செருகத் தொடங்கினார். ஒன்று சரியாக உள்ளே போகவில்லை. அதை அப்படியே விட்டார்.

சித்தி கழுத்துத் துண்டை அவிழ்க்காமலே எழுந்து வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த மப்ளர் நீங்க பின்னினது இல்ல."

"என்ன?"

"நீங்க குளிக்கப் போவீங்கல்ல. அப்ப நான் பிரிச்சு மறுபடி பின்னுவேன். தெனமும்."

கத்திரி அக்கா அவளைப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "நல்லா இருக்கும்மா கதை. என்னைத் தேத்தறதுக்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். ரீல் விடாத, போ."

பொய்யை அப்படி நம்பியவர் உண்மையை நம்பவில்லை. சித்தி என்னைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் மப்ளரை எடுத்து வந்தாள். எம்பிராய்டரி வளையத்திலிருந்து ஒரு சிவப்பு இழையை அறுத்து, மப்ளரின் கடைசி வரிசையில் கட்டினாள்.

"இந்தச் சிவப்புக்கு மேல நீங்க பின்னுங்க. இப்ப. எல்லார் முன்னாடியும். நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கத்திரி அக்கா ஊசிகளை வாங்கினார். ஒரு வரிசை பின்ன அவருக்கு வெகுநேரம் ஆனது. ஒரு கண்ணி நழுவியது. இன்னொன்று நழுவியது. நூல் விரலில் நிற்காமல் வழுக்கிப் போனது. வரிசை முடிந்ததும் மப்ளரை முழங்கால் மேல் விரித்தார். சிவப்பு இழைக்குக் கீழே பல் வரிசை. மேலே மீன் வலை. முதல் நாள் பின்னியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.



"அப்ப என் கை முடிஞ்சு போயிடல" என்றார் கத்திரி அக்கா, மிக மெதுவாக. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. அது முகத்தில் ஏறிவருவதைப் பார்க்க முடிந்தது.

"பாவம்னு நெனைச்சியா?"

"இல்லக்கா. கண்ணி விட்டுப் போயிருந்துச்சு. கை நிக்கல."

"மொத நாள் கை நிக்கல. சரி. அடுத்த நாள்?"

"நீங்க சந்தோஷப்பட்டீங்க."

"கஸ்டமருக்குக் கோணலா வெட்டிட்டு கண்ணாடியைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சா எப்படி இருக்கும்? அதைத்தான் நீ பண்ணியிருக்கே. வலிக்க வலிக்க இழுத்த பயிற்சியை நிறுத்திட்டுப் போனாளே அந்தப் பொண்ணு, அப்பகூட உனக்கு வாய் வரல. சர்க்கரை போதுமான்னு கேட்ட!"

சித்தி தலை குனிந்தாள். வெட்டுப்பட்ட முடி ஒரு பக்கம் மட்டும் முகத்தில் விழுந்தது.

பிசியோ பெண்ணிடம் சித்தியே போன் செய்து சொன்னாள். அந்தக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எக்ஸ்ரேல யாராவது எலும்பை ஒட்டி வரைவாங்களா அக்கா? இதுல என் தப்பும் இருக்கு. பின்னலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆனா இவ்வளவு நாள் விட்டதுல விரல் இறுகியிருக்கும். மறுபடி மொதல்ல இருந்து. வலி முன்னைவிட ஜாஸ்தி இருக்கும், சொல்லிட்டேன்."

வலி ஜாஸ்திதான் இருந்தது. பிசியோ பெண் வரும் நாட்களில் சித்தி சமையலறையில் நிற்பாள். ஹாலிலிருந்து கத்திரி அக்காவின் முனகல் வரும். அந்த முனகலில் எவ்வளவு எலும்பு முறிவினுடையது, எவ்வளவு தன்னுடையது என்று அவள் கணக்குப் பார்ப்பதுபோல இருக்கும், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு.

கத்திரி அக்கா கடைச் சாவியைக் கொடுக்கவில்லை. ஆனால் சித்தியோடு பேசவும் இல்லை. "டேய், உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, உப்பு கம்மி" என்பார், சித்தி பக்கத்தில் நிற்கும்போதே. சித்தப்பா தபால்காரர் ஆனார். "உப்பு கம்மியாம்." "சரின்னு சொல்லுங்க." "சரியாம்." மப்ளரை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, குளிக்கப் போகும்போதும் கையோடு எடுத்துப் போனார் கத்திரி அக்கா. அதன்மேல் ஈரம் பட்டு, காய்ந்து, நூல் கொஞ்சம் சுருங்கியும் போனது.

சித்தி அந்த முடியோடுதான் வேலைக்குப் போனாள். கடை முதலாளி, "வர்றவங்க கண்ணாடியை நிமித்தறது இருக்கட்டும், மொதல்ல உன் தலையை நிமித்து" என்றாராம். பக்கத்துத் தெருவிலேயே ஒரு பார்லர் இருந்தது. பின் குத்திக்கொள்ளலாம், மடித்துக் கட்டலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். "அவங்க கை வெட்டினது. வேற யாரும் திருத்தக் கூடாது" என்றாள்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்த பெட்டியை அவள் திறந்தது அப்போதுதான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் திறந்தாள் என்று நினைக்கிறேன். என் தம்பியின் குல்லாய் வெளியே வந்தது. இனி யார் தலைக்கும் ஆகாத அதை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். மற்ற பைகள் எல்லாம் மூடியே கிடந்தன.

கடைசியாக நான் போன அன்று மாலை, இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கத்திரி அக்கா கையில் மப்ளர், சித்தி கையில் குல்லாய். சித்தப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அதனால் தபால் போக்குவரத்து இல்லை. நான் ஒரு சிட்டத்தைப் பிரித்துக் கையில் மாட்டிக்கொண்டு, யாராவது சுற்ற வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

மப்ளரில் ஒரு கண்ணி நழுவியது. அது ஒரு வரிசை இறங்கியதை நானே பார்த்தேன். சித்தி எனக்கு முன்னாலேயே பார்த்திருப்பாள். அவள் ஊசிகள் நின்றன.

கத்திரி அக்கா தலையை நிமிர்த்தாமல் கையை நீட்டினார். "அந்தக் கொக்கி ஊசியைக் குடு."

தபால்காரர் வீட்டில் இல்லை. சித்தி ஒரு கணம் தயங்கிவிட்டு ஊசியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கத்திரி அக்கா அதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிறுத்தினார். கொக்கி கண்ணிக்குள் போனது, வழுக்கி வெளியே வந்தது. மறுபடி போனது. கண்ணி இன்னும் ஒரு வரிசை இறங்கியது. சித்தி குல்லாயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அக்கா..."

"தொடாத."

"தொடல."

"மூஞ்சியைத் திருப்பிக்காத. பாக்கணும் நீ. பாரு."

சித்தி பார்த்தாள். கண்ணி ஒரு படி ஏறியது. அடுத்த படியில் கொக்கி நடுங்கி நின்றது.

"இது மேல வர்ற அன்னிக்கு உன் தலையைக் குடு."

"சரிக்கா."

"அதுவரைக்கும் இப்படியே திரி."

"சரிக்கா."

சமையலறையில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. இருவரும் அசையவில்லை. சிட்டத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு, நான்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.